கணுக்காலின் இரண்டாவது காயம்

மும்பையில் கால்பந்து மழையோடு பிணைந்த ஆட்டம். கோடை முழுவதும் காய்ந்து இறுகிக் கிடக்கும் மைதானங்கள் ஜூன் மாதத்து முதல் மழையில் இளகிச் சேறாகிவிட, தாராவியின் சந்துகளிலிருந்தும், மாட்டுங்காவின் பள்ளிக்கூடங்களிலிருந்தும், செம்பூரின் காலனிகளிலிருந்தும் பையன்கள் பந்தோடு அந்தச் சேற்றில் இறங்குகிறார்கள். 1891-இல் பிரிட்டிஷ் படையினருக்குள்ளேயே நடக்கும் போட்டியாகத் தொடங்கி, பிற்காலத்தில் கூப்பரேஜ் மைதானத்தின் பெருமையாக விளங்கிய ரோவர்ஸ் கோப்பையும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்த பம்பாய்க்காரர் நெவில் டிசோசாவும் இந்த நகரத்தின் ஞாபகத்தில் நிலைத்த பெயர்கள். இத்தகைய நகரத்தில், ஆட்டக்காரனுக்கு முழங்காலில் அடி என்றால் எல்லோருக்கும் முகம் வாடுகிறது. கணுக்கால் பிசகியது என்றால் மட்டும், "சுளுக்குத்தானே, நாலு நாளில் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்த அலட்சியம் ஆட்டக்காரனுக்குச் செய்யும் கேடு எத்தகையது என்பதைச் சரீர சாஸ்திரத்தின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் ஒவ்வொரு சுளுக்கிலும் காயங்கள் இரண்டு உண்டாகின்றன. வீங்கிக் கன்றி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற முதற்காயம் தானாகவே ஆறிவிடுகிறது. எவர் கண்ணுக்கும் தெரியாத இரண்டாவது காயமே ஆட்டத்தைக் குலைக்கிறது.

இது அபூர்வமான விபத்தும் அன்று. ஐரோப்பாவின் முதன்மையான கழகங்களில் ஆட்டக்காரர்களுக்கு ஏற்படும் காயங்களையெல்லாம் 2001 முதல் ஆண்டுதோறும் பதிவு செய்துவரும் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்டும் அவருடைய சகாக்களும், பதினொரு பருவங்களின் கணக்கைத் தொகுத்து 2013-இல் வெளியிட்டபோது, மொத்தக் காயங்களில் 13 விழுக்காடு கணுக்காலைச் சேர்ந்தவை என்றும், அவற்றில் ஏறத்தாழப் பாதி வெளிப்புறத் தசைநார்ச் சுளுக்கு என்றும் தெரிந்தது. ஆட்டத்தின்போது நேர்ந்த சுளுக்குகளில் பத்துக்கு நான்கு, நடுவரே தவறு என்று ஊதிய மோதல்களில் விளைந்தவை. எல்லா வசதிகளும் நிறைந்த, புல்தரையைக் கம்பளம்போல் பேணுகிற கழகங்களின் நிலையே இதுவானால், ஆடி மாதத்துச் சேற்றில் ஆடுகிறவர்களின் நிலையைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கணுக்காலின் அமைப்பை நோக்கினால், இயற்கை அங்கே இரண்டு முரணான காரியங்களை ஒரே மூட்டில் நிறைவேற்ற முயன்றிருப்பது தெரியும். கீழ்க்காலின் பெரிய எலும்பும் சிறிய எலும்பும் இருபுறமும் இறங்கி, தச்சன் மரத்தில் துளை வெட்டி வைத்ததுபோல ஒரு பொருத்தை உண்டாக்குகின்றன. கணுக்காலின் இரு பக்கங்களிலும் கையால் தொட்டால் அகப்படும் புடைப்புகள் அந்த எலும்புகளின் முனைகளே. டாலஸ் என்னும் பாத எலும்பு அந்தப் பொருத்துக்குள் அமர்ந்து முன்னும் பின்னும் அசைகிறது. இந்த டாலஸின் மேற்புறம் முன்னால் அகன்றும் பின்னால் குறுகியும் இருப்பதில் ஒரு விசேஷம் உண்டு. பாதம் மேல்நோக்கி மடங்கியிருக்கையில் அகன்ற பகுதி பொருத்துக்குள் இறுகிக்கொண்டு மூட்டை ஸ்திரமாக்குகிறது. விரல்நுனி தரையை நோக்கித் தாழும்போதோ குறுகிய பகுதி உள்ளே வர, எலும்பின் பிடி தளர்ந்து, பாரமெல்லாம் தசைநார்களின் மேல் விழுகிறது. ஓடுவதும், தாவி இறங்குவதும், பந்தைப் புறங்காலால் உதைப்பதும் இந்தத் தாழ்ந்த நிலையில்தான் நிகழ்கின்றன. வெளிப்புறத்தில் மூன்று தசைநார்கள் மூட்டைக் காக்கின்றன. அவற்றுள் முன்புறத்தில் இருப்பதே மிக மெலிந்தது; பாதம் உட்புறமாகப் புரளும்போது அதுவே முதலில் கிழிகிறது. உட்புறத்துத் தசைநாரோ விசிறிபோல் விரிந்து தடித்தது. அது கிழிவது குறைவு.

ஆட்டத்தில் இந்தப் புரளல் எப்படி நேருகிறது என்பதை நார்வே ஆராய்ச்சியாளர்கள் ஒளிப்பதிவுகளை மெல்ல ஓட்டிப் பார்த்து 2004-இல் விளக்கினார்கள். சாதாரணமாக நாம் நினைப்பதுபோல் குழியில் கால் வைத்துப் புரள்வது அங்கே பிரதானமாகத் தென்படவில்லை. ஓடுகிறவனுடைய காலின் உட்புறத்தில், அது தரையைத் தொடுகிற தறுவாயில், எதிரியின் கால் மோதுகிறது. மோதிய வேகத்தில் கால் வெளிப்புறம் தள்ளப்பட, பாதம் அதன் வெளிவிளிம்பில் தரையிறங்கி, உடலின் பாரம் முழுவதும் திருகிய மூட்டின்மேல் விழுகிறது. மற்றொரு வகை கால்பந்துக்கே உரியது: பந்தை ஓங்கி உதைக்கும் க்ஷணத்தில் எதிராளியின் பாதம் குறுக்கே வந்துவிட, உதைத்தவனின் புறங்கால் அதில் மோதி, பாதம் கீழ்நோக்கி அளவுக்கு மீறி மடிக்கப்படுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். பாதம் புரளத் தொடங்கியதும் காலின் வெளிப்புறத் தசைகள் சுருங்கி அதைத் தடுக்கக் கூடாதா? அவை அதற்கெனவே அமைந்தவைதாமே? அவை முயலத்தான் செய்கின்றன. ஆனால் காலம் அவற்றுக்குப் பிரதிகூலமாக இருக்கிறது. புரளலை உணர்ந்து அந்தத் தசைகள் விழித்தெழுவதற்குச் சுமார் 60 மில்லிவிநாடி ஆகிறது. விழித்த தசை போதிய பலத்தோடு இழுப்பதற்கு மேலும் அவ்வளவோ அதைவிடச் சிறிது கூடுதலோ வேண்டும். அதற்குள், அதாவது ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள்ளாகவே, தசைநார் கிழிந்துவிடக் கூடும். ஆகையால் நல்ல ஆட்டக்காரனின் கணுக்காலைக் காப்பது விபத்து தொடங்கிய பின் நிகழும் எதிர்வினை அன்று. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே, அது எந்தக் கோணத்தில் தொங்குகிறது என்பதை அறிந்து, தசைகளை முன்கூட்டியே முறுக்கி வைக்கும் அறிவே காக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரிகிறதல்லவா? அந்த அறிவு தசைகளிலும் தசைநார்களிலும் மூட்டின் உறையிலும் பரவிக் கிடக்கும் நுண்ணிய நரம்பு முனைகளிலிருந்து மூளைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்புலன்களின் வரிசையில் இதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. எனினும் ஆட்டக்காரனுக்கு இதைவிட அவசியமான புலன் கண் ஒன்றைத் தவிர வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது இரண்டாவது காயம் இன்னதென்று விளங்கும். தசைநார் கிழியும்போது அதனுள் பதிந்திருந்த நரம்பு முனைகளும் சிதைகின்றன. நார் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது, வீக்கம் வடிகிறது, வலியும் போகிறது. ஆனால் அந்த இடத்திலிருந்து மூளைக்குப் போகும் செய்தி பழைய தெளிவோடு இல்லை. லண்டனில் ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவர் தம் சகாக்களோடு 1965-இல் இதை முதன்முதலாக எடுத்துரைத்தார். சுளுக்கு ஆறிய பின்பும் "கால் நழுவுகிறது" என்று பல நோயாளிகள் குறை சொல்வதற்குத் தசைநாரின் தளர்ச்சி மட்டுமே காரணமாக இருக்க முடியாதென்றும், மூட்டின் உணர்வு குன்றியதே காரணமென்றும் கருதிய அவர், ஆடும் பலகையின்மேல் நின்று சமநிலை பழகியவர்களுக்கு அந்தக் குறை வெகுவாகக் குறைவதையும் காட்டினார். பின்னர் வந்த ஆராய்ச்சி அவருடைய கருத்தைப் பல இடங்களில் திருத்தியும் விரித்தும் சென்றிருக்கிறது. சுளுக்கிய காலில் மட்டுமன்றிச் சுளுக்காத காலிலும் சமநிலை குன்றுவதாகக் கண்டபோது, குறை மூட்டோடு நிற்காமல் மூளை வரை எட்டுகிறது என்பது புலனாயிற்று.

ஆட்டத்தின் தரம் எங்கே குறைகிறது என்பதற்கு மிகத் தெளிவான விடையை எனக்குத் தந்தது வேறொரு கண்டுபிடிப்பு. கணுக்கால் அடிக்கடி நழுவும் நிலைமையை அடைந்தவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும்போது, மற்றவர்களைவிடக் கண்ணையே அதிகமாக நம்பி நிற்கிறார்கள் என்று 2016-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. பாதத்திலிருந்து வரவேண்டிய செய்தி மங்கிப்போனதால், அந்த வேலையைக் கண் ஏற்றுக்கொள்கிறது. மற்றவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. கால்பந்து ஆட்டக்காரனுக்கோ கண்ணுக்கு வேறு தொழில் இருக்கிறது: பந்து எங்கே, எதிரி எந்தப் பக்கம் சாய்கிறான், தோழன் எந்த இடைவெளியை நோக்கி ஓடுகிறான், கோல்காவலன் எத்தனை அடி முன்வந்து நிற்கிறான் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ள வேண்டிய கண், இப்போது அந்தரங்கமாகத் தன் உடலை நிமிர்த்தி வைக்கும் வேலையிலும் பங்கு கொள்கிறது. அவன் ஓட்டத்தில் வேகம் குறைந்திருக்காது. மருத்துவர் அழுத்திப் பார்த்தால் வலியும் இராது. ஆனால் பந்தை வாங்கித் திரும்புவதில் அரைக்கணம் தாமதிக்கிறான்; வலக்காலால் உதைக்கும்போது உடல் முழுவதையும் தாங்கி நிற்க வேண்டிய இடக்காலை முன்போல் துணிந்து ஊன்றுவதில்லை; வேகமாக ஓடிவந்து சட்டென்று வெட்டித் திரும்ப வேண்டிய இடத்தில் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கிறான். பார்வையாளர்கள் "பையனுக்கு ஆட்டம் போயிற்று" என்கிறார்கள். பயிற்சியாளர் அவனுக்கு மனத்துணிவு இல்லையென்று நினைக்கிறார். அவன் தானே அப்படி நினைக்கத் தொடங்குவதுதான் இவற்றில் மிகவும் துயரமானது.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுமுறை சுளுக்குவதற்கு எளிதில் ஆளாவதும் இதனாலேயே. தொழில்முறைக் கழகங்களில் சாதாரண வெளிப்புறச் சுளுக்கு ஒருவனைச் சுமார் இரண்டு வாரம் வெளியே நிறுத்துகிறது. கீழ்க்காலின் இரு எலும்புகளையும் மேலே பிணைத்திருக்கும் நார் கிழியும் உயர்சுளுக்கானால் ஏறத்தாழ ஆறு வாரம். இரண்டு வாரம் என்பது வீக்கம் வடியப் போதுமான காலம். மூட்டின் அறிவு திரும்பப் போதுமான காலம் அன்று.

திரும்பத் திரும்ப அடிபட்ட மூட்டு அடையும் கதி வேறு வகையிலும் கொடியது. லிவர்பூலைச் சேர்ந்த பேராசிரியர் மக்மர்ரே எழுதி 1950-இல் வெளியான கட்டுரையொன்று, பல ஆண்டுகள் ஆடியவர்களின் கணுக்காலின் முன்விளிம்பில் எலும்பு முளைகள் வளர்ந்து, பாதத்தை மேல்நோக்கி மடக்க விடாமல் உறுத்துவதை விவரித்து, அதற்குக் 'கால்பந்தாட்டக்காரர் கணுக்கால்' என்றே பெயரிட்டது. ஒவ்வோர் உதையிலும் மூட்டின் உறை இழுபடுவதே காரணமென அவர் எண்ணினார். பந்து அந்த இடத்தில் நேரே மோதும் அதிர்ச்சியே முக்கியமென்று பின்னால் வந்த டச்சு மருத்துவர்கள் கருதினார்கள். எது காரணமாயினும், மடங்காத கணுக்கால் குனிந்து ஓடவும் தாழ்ந்து தடுக்கவும் உதவாது.

இதைவிடப் பெரிய கேடு மூட்டின் உட்புறத்தைப் போர்த்திய குருத்தெலும்புக்கு வருவது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே ஒருமுறை சிதைந்தால் அது தன்னைத்தானே சீர்செய்துகொள்வதில்லை. இவ்வுண்மையை இரண்டு பேரறிஞர்களின் கால்களில் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆட்டத்தில் அவர்கள் அறிஞர்களே. 1983 செப்டம்பரில் பார்சிலோனாவுக்காக ஆடிய மாரடோனாவைப் பில்பாவோ அணியின் கொய்கோச்சியா பின்னாலிருந்து தாக்கியபோது, கணுக்கால் எலும்பு முறிந்து தசைநாரும் கிழிந்தது. கண்டவர்கள் அவருடைய ஆட்டம் அதோடு முடிந்ததென்று அஞ்சினார்கள். ஆனால் மூன்றரை மாதத்தில் அவர் மைதானத்துக்குத் திரும்பி, 1986-இல் உலகக் கோப்பையை வென்றார். எலும்பு ஒட்டும், ஒட்டியது. டச்சு வீரர் மார்கோ வான் பாஸ்டனுக்கோ 1986 டிசம்பரில் கணுக்காலில் நேர்ந்த காயம் முறிவைப்போல் பயங்கரமாகத் தோன்றவில்லை. முற்றும் குணமாகாமலே அந்தப் பருவத்தை ஆடி முடித்தார். பின்னர் அறுவைசிகிச்சைமேல் அறுவைசிகிச்சையாக நடந்தது. இடையில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை மூன்று முறை பெற்றார் என்பது அவருடைய மேதைமைக்குச் சான்று. 1993 மே 26 அன்று மியூனிக் நகரத்தில் ஆடியது அவருடைய கடைசிப் பெரிய ஆட்டம். அப்போது வயது 28. இரண்டு ஆண்டுகள் முயன்று பார்த்து 1995-இல் ஓய்வை அறிவித்தார். வலியினால் இரவில் குளியலறைக்குத் தவழ்ந்து சென்ற நாட்களைப் பற்றி அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இறுதியில், எலும்புகளை ஒன்றோடொன்று பிணைத்து மூட்டையே அசைவற்றதாக்கிய பிறகுதான் வலி நீங்கியது.

நம் நாட்டின் கால்பந்து வரலாற்றில் கணுக்காலுக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்த இந்திய அணியில் பலர் பூட்ஸ் இல்லாமல், பாதத்திலும் கணுக்காலிலும் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டும், 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றதும், பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்கால் ஆட்டத்தை அறியாமை என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: தரையை நேரே தொடுகிற பாதத்தின் தோல், மூளைக்கு அனுப்பும் செய்தியில் மிகவும் செழுமையானது. அந்தத் துணிக்கட்டும் வீணானதன்று. இன்று கணுக்காலில் சுற்றப்படும் டேப், ஆட்டம் தொடங்கி அரைமணிக்குள்ளாகவே தளர்ந்து, மூட்டை இறுகப் பிடிக்கும் சக்தியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அது சுளுக்கைக் குறைப்பதற்கு, தோலை ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்து கால் இருக்கும் நிலையை ஞாபகப்படுத்துவதும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். இதைக் கொண்டு வெறுங்காலே மேல் என்று வாதிக்க நான் வரவில்லை. சேற்றில் வழுக்குகிற காலுக்குப் பூட்ஸின் குமிழ்கள் வேண்டியவையே. ஆனால் தரையை அழுத்திப் பிடிக்கும் குமிழ், உடல் திரும்பும்போது பாதத்தைத் திரும்பவிடாமல் நிறுத்தி, அந்த முறுக்கைக் கணுக்காலுக்கே அனுப்பிவிடுகிறது. மும்பையில் இப்போது மொட்டைமாடிகளிலும் மேம்பால ஓரங்களிலும் பெருகியிருக்கும் செயற்கைப் புல்தரைக்கும் இது பொருந்தும். ஐரோப்பியக் கழகங்களில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைப் புல்லில் மொத்தக் காயங்கள் கூடவில்லை. கணுக்கால் சுளுக்கு மட்டும் ஆயிரம் ஆட்டமணிக்கு 2.66 என்பதிலிருந்து 4.83 ஆக உயர்ந்திருந்தது.

அடிபட்ட அன்று என்ன செய்வது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல்பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து தலைமுறைகளாக வாழும் நம்மவர் வீடுகளில், புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுவார்கள். எண்ணெய் தடவிச் சுளுக்கு வழித்துவிடும் கைராசிக்காரரும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். பற்றினால் பெரிய தீங்கில்லை. புதிதாகக் கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் மூட்டை அன்றே அழுத்தி வழிப்பது மட்டும் வீக்கத்தைப் பெருக்கும். முறிவு இருந்தால் அபாயமும் ஆகும். முறிவு உண்டா என்பதை அறியக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதி எவரும் நினைவில் வைக்கத் தக்கது: கணுக்காலின் இருபுறத்துப் புடைப்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் எலும்பில் வலி தெரிந்தாலும், அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமற்போனாலும், எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் நடுப்பகுதி எலும்புகளுக்கும் இதுபோல் தனி விதி உண்டு. தாராவிக்காரருக்குச் சயானில் இருக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை கூப்பிடு தூரம்தான். முறிவு இல்லையென்றால், வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதைவிட, தாங்கு பட்டையோடு சீக்கிரம் நடக்கத் தொடங்குவதே நல்லதென்று இப்போதைய வைத்தியம் கூறுகிறது. பனிக்கட்டி வலியைக் குறைக்கும். குணத்தை விரைவுபடுத்தும் என்ற பழைய நம்பிக்கை முன்போல் உறுதியாக இல்லை. 1978-இல் ஓய்வும் பனிக்கட்டியும் கொண்ட சூத்திரத்தைப் பிரசித்தமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில் அதை மாற்றிக்கொண்டார்.

மும்பை ஆட்டக்காரனுக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷ நெருக்கடி உண்டு. ரயில்வேயிலும், வங்கிகளிலும், செம்பூரின் உரத் தொழிற்சாலை போன்ற பொதுத்துறை நிறுவனங்களிலும் விளையாட்டின் வழியே வேலை பெறுவது இங்கே பல குடும்பங்களை ஏற்றிவிட்ட ஏணி. தேர்வு ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கால் பிசகிய பையன் வலிமாத்திரை விழுங்கிவிட்டு இறங்குவானே தவிர, ஆறு வாரம் பொறுத்திருக்க மாட்டான். அவனைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஆகவேதான் சிகிச்சையைவிடத் தற்காப்பைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு ஆகும் செலவு அநேகமாக ஒன்றுமில்லை.

இழந்த உணர்வைப் பயிற்சியால் மீட்கலாம் என்பது ஃப்ரீமன் காலத்திலிருந்து பல நாடுகளில் சோதித்து நிலைநாட்டப்பட்டது. 1985-இல் ஸ்வீடன் கால்பந்து ஆட்டக்காரர்களிடையேயும், 2006-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையேயும் சமநிலைப் பயிற்சி சுளுக்கைக் கணிசமாகக் குறைத்தது. அமெரிக்க ஆய்வில் குறைவு ஏறக்குறைய 38 விழுக்காடு. முன்பே சுளுக்கியவர்களுக்கே இதன் பிரயோஜனம் மிகுதி. ஃபிஃபா வகுத்த 'பதினொன்று ப்ளஸ்' என்னும் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சியிலும் ஒற்றைக்கால் நிலை ஓர் அங்கம்.

செய்முறை இதுதான். வெறுங்காலோடு ஒற்றைக்காலில், முழங்காலைச் சற்றே தளர்த்தி, அரை நிமிடம் நிற்க வேண்டும், பிறகு மறுகால். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணின் உதவியை விலக்கும்போதுதான் பாதம் தன் வேலையைத் தானே செய்யக் கற்கிறது என்பதால் இந்தப் படியை ஒருவரும் தாண்டிப் போகக் கூடாது. அடுத்து மடித்த போர்வையின்மேலோ மெத்தென்ற பாயின்மேலோ நின்று, தோழன் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். பின்பு தோழன் தோளில் இலேசாகத் தள்ள, விழாமல் நிற்கப் பழக வேண்டும். கடைசியில் ஒற்றைக்காலில் முன்னும் பக்கவாட்டிலும் தாவி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிலைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று முறையாவது, பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே செய்துவந்தால்தான் பலன் கிட்டும். நிறுத்தினால் பலனும் மெல்லக் குறையும். பத்துக்குப் பத்து அறையிலும் இதற்கு இடம் போதும். அடிபட்டவனை மீண்டும் ஆட விடுவதற்கு முன் பயிற்சியாளர் பார்க்க வேண்டியதும் இதையே: வலிக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி இரண்டு கால்களையும் ஒப்பிட வேண்டும், பிறகு அடிபட்ட காலால் பக்கவாட்டில் தாவி இறங்கச் சொல்லி, அந்தக் கால் தடுமாறுகிறதா, அவன் கண் தன் பாதத்தை நோக்கித் தாழ்கிறதா என்று கவனிக்க வேண்டும். தாழ்ந்தால் அவனுக்கு இன்னும் சில வாரம் தேவைப்படுகிறது.